முப்பது வயதுக்கு மேல் வளைந்த காலை நேராக்க முடியுமா?

2023 ஜூலை 9, வாசகர் கேள்வி

எனக்கு வயது 31. சிறு வயதிலிருந்தே இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக வளைந்தவை. கணுக்கால்களைச் சேர்த்து வைத்து நின்றால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. இரண்டு வருடமாக முழங்காலின் உட்புறம் வலிக்கிறது. எங்கள் ஊர் டாக்டர், "எலும்பு முற்றிவிட்டது, குழந்தையாக இருந்தபோதே வந்திருக்க வேண்டும், இனி அறுபது வயதில் மூட்டை மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். என் அம்மாவுக்கும் இதே கால்தான். பெரியவர்களுக்கும் இதைச் சரிசெய்யலாம் என்று சொல்வது உண்மையா, வெறும் விளம்பரமா?

ஜூலை 9, இரவு

உண்மை. எனக்கு 34 வயதில் செய்தார்கள். இன்று வகுப்பில் முழுப் பாடவேளையும் நின்றுகொண்டு பாடம் நடத்துகிறேன்.

உங்கள் டாக்டர் சொன்னதில் பாதி சரி. குழந்தைகளுக்கு எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும். அதன் ஒரு பக்கத்தை ஒரு சிறிய பிளேட்டால் பூட்டிவிட்டால் மறுபக்கம் மட்டும் வளர்ந்து கால் மெல்ல நிமிர்ந்துவிடும். எலும்பை வெட்ட வேண்டியதில்லை. அந்த வழி நமக்கு அடைபட்டுவிட்டது. ஆனால் எலும்பை வெட்டி, திருப்பி, நேராக நிறுத்திக் கூட வைக்கும் வழி அடைபடவில்லை. முறிந்த எலும்பு எழுபது வயதிலும் கூடுகிறது அல்லவா? கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர் 1870-களிலேயே உளி வைத்து எலும்பை வெட்டி, எலும்பு இறுகாமல் மென்மையாகிவிடும் ரிக்கெட்ஸ் நோயால் கோணிய கால்களை நிமிர்த்தினார். அப்போது எக்ஸ்ரேகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது: அம்மாவுக்கும் இதே கால். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதுவரை எந்த மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்காதீர்கள்.

ஜூலை 10

முதலில் எக்ஸ்ரே. முழங்காலை மட்டும் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு இதில் யாரும் எதுவும் முடிவு செய்ய முடியாது. இடுப்பு முதல் கணுக்கால் வரை, நின்ற நிலையில், இரண்டு கால்களும் ஒரே படத்தில் வர வேண்டும். படுக்க வைத்து எடுத்தால் உடல் எடை காலில் இறங்காது. வளைவின் உண்மையான அளவு தெரியாது.

அந்தப் படத்தில் தொடை எலும்பின் தலைப்பந்தின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு போடுவார்கள். நேரான காலில் அந்தக் கோடு முழங்கால் மூட்டின் நடுவுக்கு அருகே, சற்றே உள்பக்கமாகப் போகும். நம்மைப் போன்றவர்களுக்கு அது மூட்டின் உள்விளிம்புக்குப் போய்விடும். வளைவு கடுமையாக இருந்தால் மூட்டைவிட்டே வெளியேறிவிடும். உடல் எடை முழுவதையும் உட்புறக் குருத்தெலும்பு மட்டும் தாங்குகிறது என்று அதற்குப் பொருள். இரண்டு வருடமாக உங்களுக்கு உட்புறம் வலிப்பது இதனால்தான்.

அடுத்தது, வளைவு எந்த எலும்பில் இருக்கிறது என்ற கேள்வி. தொடை எலும்பா, முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பா, இரண்டுமா, மூட்டே தளர்ந்துவிட்டதா? இதை அளப்பதற்கு டிரோர் பேலி என்ற மருத்துவர் வகுத்த கோணங்களைத்தான் இன்று உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். தொடை எலும்பின் கீழ்முனைக் கோணம் 88 பாகை அளவிலும், கணைக்கால் எலும்பின் மேல்முனைக் கோணம் 87 பாகை அளவிலும் இருக்க வேண்டும். 85 முதல் 90 வரை இயல்பு. உங்கள் மருத்துவரிடம் இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். சொல்ல முடியாதவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். தொடையில் இருக்கும் வளைவைக் கணைக்காலில் வெட்டிச் சரிக்கட்டினால் வெளிப்பார்வைக்குக் கால் நேராகிவிடும், ஆனால் உள்ளே மூட்டின் பரப்பு சாய்ந்து நிற்கும். தேய்மானம் தொடரும்.

ஜூலை 10, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: படம் எடுக்கும்போது பாதம் முன்னால் பார்க்க வேண்டும் என்பார்கள். பாதம் அல்ல, முழங்கால் சில்லுதான் நேர் முன்னால் பார்க்க வேண்டும். வளைந்த கால்களில் கணைக்கால் எலும்பு பெரும்பாலும் உள்நோக்கி முறுக்கிக்கொண்டும் இருக்கும். பாதத்தை நேராக்கி எடுத்தால் முழங்கால் திரும்பிவிடும், அளவுகள் எல்லாம் தப்பாகிவிடும்.

ஜூலை 12

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். இந்த இழையில் வேறு எதையும் படிக்க நேரம் இல்லாதவர்கள் இதை மட்டும் படியுங்கள்.

என் அப்பாவுக்கு வளைந்த கால். சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். நாங்கள் மூன்று பெண்கள், ஒரு தம்பி. பெண்கள் மூவருக்கும் கவட்டைக் கால், குட்டை உருவம். தம்பிக்கு மட்டும் கால் நேர். "பொம்பளப் பிள்ளைகள் அப்பன் சாடை" என்று பாட்டி சொல்வாள். பாட்டி சொன்னதில் மரபியல் முழுவதும் அடங்கியிருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறு அப்பாவுக்கு இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் வரும், மகன்களுக்கு வராது. அம்மாவுக்கு இருந்தால் மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு.

நோயின் பெயர் எக்ஸ்எல்எச் (X-linked hypophosphatemia). ஏறத்தாழ 20,000 பிறப்புகளில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கு. பெக்ஸ் என்ற மரபணு பழுதானால், எலும்பு எஃப்ஜிஎஃப்-23 என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அந்த ஹார்மோன் சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே கொட்டச் சொல்கிறது. பாஸ்பேட் இல்லாத எலும்பு இறுகாது. உடல் எடையில் வளையும். சாதாரண வைட்டமின் டி கொடுத்தால் இது கேட்பதில்லை. ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1937-லேயே வைட்டமின் டிக்கு மசியாத ரிக்கெட்ஸ் ஒன்று உண்டு என்று எழுதிவிட்டார். ஆனாலும் எங்கள் மூவருக்கும் பள்ளிப் பருவம் முழுவதும் வைட்டமின் டி ஊசியும் கால்சியம் மாத்திரையும்தான். இரத்தத்தில் பாஸ்பரஸ் (ஆய்வகத் தாளில் பாஸ்பேட்டை இப்படித்தான் எழுதுவார்கள்) எவ்வளவு என்று ஒருவரும் பார்க்கவில்லை. அம்மாவிடம் "பிள்ளைகளை வெயிலில் விளையாட விடுங்கள்" என்றார்கள். கரிசல் காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்து!

பெரிய அக்காவுக்கு 14 வயதில் ஒரு மருத்துவமனையில் இரண்டு கால்களையும் வெட்டி நேராக்கினார்கள். ஊரே வந்து பார்த்தது. பிளஸ் டூ முடிப்பதற்குள் இரண்டும் மீண்டும் வளைந்துவிட்டன. வெட்டியவர் நன்றாகத்தான் வெட்டினார். எலும்பு ஏன் வளைந்தது என்று யாரும் கேட்கவில்லை, அதுதான் குறை. அக்கா அதன் பிறகு எந்த மருத்துவரிடமும் காலைக் காட்டவில்லை, இன்றுவரை.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு பல் மருத்துவரால். சொத்தையே இல்லாத பல்லில் சீழ் கட்டிக்கொண்டே இருந்தது. அந்த இளம் பெண் என் பற்களைப் பார்த்துவிட்டு, நான் நடந்து உள்ளே வந்ததையும் நினைவில் வைத்து, "வீட்டில் வேறு யாருக்காவது இப்படிக் கால் உண்டா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டில் பாஸ்பரஸ் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் செய்ய வேண்டியது: வெறும் வயிற்றில் இரத்தத்தில் பாஸ்பரஸ், கால்சியம், ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பு சரியாக இறுகாதபோது ஏறும் நொதி), பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, கிரியேட்டினின். அதே நேரத்தில் சிறுநீரில் பாஸ்பரஸும் கிரியேட்டினினும். எந்த ஊர் ஆய்வகத்திலும் செய்வார்கள். கையில் அந்தத் தாள் இல்லாமல் முடநீக்கியல் மருத்துவரிடம் போகாதீர்கள்.

ஜூலை 13

மேலே ஒருவர் "வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட், இரண்டு மாதத்தில் கால் நேராகும், என் நண்பர் அனுபவம்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, உணவுக் குறைவால் ரிக்கெட்ஸ் வந்த மூன்று வயதுக் குழந்தைக்கு வைட்டமின் டி கொடுத்தால், வளர வளரக் கால் நிமிர்வது உண்டு. வளர்ச்சி நின்ற பெரியவரின் எலும்பை எந்த மாத்திரையும், எந்த எண்ணெயும், இரவில் கட்டும் எந்தப் பட்டையும் நிமிர்த்தாது. உடற்பயிற்சி தசையை வலுவாக்கும், வலியைக் குறைக்கும். எலும்பின் வடிவத்தை மாற்றாது. பணம் போவதைவிட, இதை நம்பி ஆண்டுகள் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆண்டுகளில் குருத்தெலும்பு தேய்ந்துவிடுகிறது.

ஜூலை 22

பிளேட்டா, ராடா, வளையமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வளைவு குறைவாக, முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் இருந்தால்: கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை உட்புறத்திலிருந்து வெட்டி, ஆப்பு வடிவில் திறந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து அன்றே முடித்துவிடுவார்கள். முன்பு வெளிப்புறத்தில் ஓர் ஆப்பை வெட்டி எடுத்துவிட்டு மூடும் முறைதான் அதிகம். அமெரிக்காவில் கவென்ட்ரி 1965-இல் எழுதிய பிறகு அது பரவியது. இப்போது பெரும்பாலும் திறக்கும் முறை.

வளைவு அதிகமாக இருந்தால், முறுக்கும் சேர்ந்திருந்தால், கால் குட்டையாகவும் இருந்தால், ஒரே நாளில் நிமிர்த்துவது ஆபத்து. நரம்பும் இரத்தக் குழாயும் தோலும் பல ஆண்டுகளாக வளைந்த காலுக்குப் பழகியவை. திடீரென்று இழுத்தால் தாங்காது. அங்கேதான் இலிசாரோவ் வளையம். எலும்பை வெட்டிவிட்டு, காலைச் சுற்றி வளையங்கள் பொருத்தி, ஒரு வாரம் பத்து நாள் சும்மா விட்டு, பிறகு நாளுக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில் மெல்லத் திறந்துகொண்டே போவார்கள். திறக்கும் இடைவெளியில் புது எலும்பு தானே ஊறி வரும். 1990-களில் வந்த ஆறு கம்பிச் சட்டகமும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. எந்தக் கம்பியை எந்த நாளில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணினி அட்டவணை போட்டுக் கொடுக்கும். விலை அதிகம்.

எக்ஸ்எல்எச் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். எலும்பு ஓர் இடத்தில் மட்டும் மடிந்திருக்காது, தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளம் முழுக்க வளைந்திருக்கும். ஒரு வெட்டு போதாது. எனக்குத் தொடை எலும்பை இரண்டு இடங்களில் வெட்டி உள்ளே நீண்ட ராடு செலுத்தினார்கள், கணைக்காலுக்கு வளையம். ராடு எலும்பின் முழு நீளத்துக்கும் உள்ளே நிற்பதால் பின்னாளில் வளையாமல் காக்கும் என்றார் மருத்துவர். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. நாளைய காலையும் யோசிக்கிறார் என்று புரிந்தது.

ஆகஸ்ட் 2

வளையத்தோடு வாழ்வது பற்றி எழுதச் சொன்னீர்கள்.

வளையத்துக்குள் எலும்பின் குறுக்கே 1.8 மில்லிமீட்டர் கம்பிகளைச் செலுத்தி இருபுறமும் முறுக்கி இழுத்துக் கட்டியிருப்பார்கள். சைக்கிள் சக்கரத்தில் ஸ்போக் எப்படி எடை தாங்குகிறதோ அப்படி அந்த மெல்லிய கம்பிகள் உடல் எடையைத் தாங்கும். ஆகவே வளையத்தோடு நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும், நடந்தால்தான் எலும்பு கெட்டியாகும். முதல் முறை வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றியபோது நான் அழுதேன். வலியினால் இல்லை. பாதம் முழுவதும் தரையில் பதிந்தது, அதனால்.

திருகுவது நம் வேலை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று கொடுத்துவிடுவார்கள். நட்டை ஒரு முறைக்குக் கால் சுற்று, நாளுக்கு நான்கு முறை. மரை 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்டது, அதனால் கால் சுற்று என்பது கால் மில்லிமீட்டர். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, படுக்கும் முன் ஒன்று. என் கணவர் சுவரில் தாள் ஒட்டி ஒவ்வொரு முறையும் டிக் போட்டார். நட்டின் ஒரு முகத்தில் நகப்பூச்சால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்தினோம் என்ற குழப்பம் வராது.

கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். அங்கே சிவந்து நீர் கசிவது ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். மாத்திரையில் அடங்கிவிடும். சீழும் காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள், மறுநாள் வேண்டாம்.

வீட்டில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை: தரைக் கழிப்பறை மட்டும் இருந்தால் கமோடு நாற்காலி வாங்குங்கள். பெண்களுக்கு நைட்டி, ஆண்களுக்கு லுங்கி. பேண்ட் என்றால் வெளித்தையலைப் பிரித்து நாடா வைத்துக்கொள்ளுங்கள். வளையத்துக்கு மேல் மாட்ட ஒரு துணி உறை தையுங்கள், கொசுவலை கிழியாது, பக்கத்தில் படுப்பவர் கால் கீறாது. பாதம் கீழ்நோக்கித் தொங்கிவிடாமல் இருக்க மிதியடியை வளையத்தோடு ரப்பர் பட்டையால் இழுத்துக் கட்டுவார்கள். அதைத் தூங்கும்போது கழற்றிவிடாதீர்கள். குதிகால் தசைநாண் இறுகிவிட்டால் அதற்குத் தனியாக ஓர் அறுவை சிகிச்சை.

வார்டில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பாட்டி இரவானால் தன் மூக்குக் கண்ணாடியை என் மேல் வளையத்தில் மாட்டிவிட்டுத் தூங்குவார். "உன் கால் இல்லாட்டி எனக்குக் காலையில் கண்ணு தெரியாதுடி" என்பார். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது அந்த வளையத்துக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 3

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். வலியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாராவது எளிதாக எண்ணி இறங்கினால் அது நியாயமாகாது.

வெட்டிய முதல் சில நாட்களின் வலி மருந்துக்குக் கட்டுப்படும். திருகத் தொடங்கிய பிறகு வரும் வலி வேறு வகை. தசை இழுபடும் வலி, இரவில் அதிகம், எப்படிப் படுத்தாலும் கால் இடம்கொள்ளாது. அதோடு தூக்கமின்மை. மூன்றாவது மாதத்தில் மனம் விழும்: எக்ஸ்ரேயில் புது எலும்பு மங்கலாகவே தெரியும், "இன்னும் கொஞ்சம் பொறுங்கள்" என்பார்கள். சாதாரணமாக நான்கைந்து மாதங்களில் கழற்றும் வளையம் எக்ஸ்எல்எச் உள்ளவர்களுக்கு அதைவிட நீளும். நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் ஜன்னல் ஓரத்தில் கழித்தேன். இரண்டாவது காலுக்குப் போக வேண்டுமா என்றுகூட யோசித்தேன். முதல் கால் நேராகி, மற்றது வளைந்து, உயரம் ஏறுக்குமாறாக நின்றபோது யோசனை தானாக முடிந்துவிட்டது.

வீட்டில் கூட இருப்பவர் யார் என்று முடிவு செய்யாமல் தேதி குறிக்காதீர்கள். இதை மருத்துவர் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 5

கொஞ்சம் விலகிப் போகிறேன். படுக்கையில் கிடந்த நாட்களில் இந்த வளையத்தைக் கண்டுபிடித்தவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கவ்ரீல் இலிசாரோவ், 1921-இல் பிறந்தவர். மேற்குச் சைபீரியாவில் குர்கான் பகுதியில் ஒரு கிராம மருத்துவராகத் தொடங்கினார். உலகப் போரில் கால் முறிந்து கூடாமல் கிடந்த ஆட்கள் ஏராளம், மருந்துகள் குறைவு. 1950-களின் தொடக்கத்தில் அவர் வளையத்தை உருவாக்கினார். மாஸ்கோ பெரியவர்கள் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல் அடுத்த ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் காலைச் சிதைத்துக்கொண்டார். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு குர்கானுக்குப் போய்த்தான் அந்தக் கால் கூடியது. பிறகு கார்லோ மவுரி என்ற இத்தாலிய மலையேறி 1980-இல் அங்கே போய்க் குணமடைந்து திரும்பினார். அவர் காலைப் பார்த்து வியந்த இத்தாலிய மருத்துவர்கள் மறு ஆண்டு இலிசாரோவைத் தங்கள் நாட்டுக்கு அழைத்தார்கள். மேற்கு நாடுகளுக்கு இது வந்து சேர்ந்த வழி அதுதான்.

இன்று நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், முடநீக்கியல் வார்டில் எந்த நாளில் நுழைந்தாலும் வளையம் போட்ட ஒரு காலைப் பார்க்கலாம். சைபீரியக் கிராமத்தில் ஒரு மனிதர் பிடிவாதமாக இருந்ததன் பலன் என் காலில் இருக்கிறது. எனக்கு அவர்மேல் அன்பு.

ஆகஸ்ட் 11

ஆபத்து அறிகுறிகளை ஒரு பிசியோதெரபிஸ்ட் சகோதரி எழுதச் சொன்னார். சரியான யோசனை.

முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே, மெல்லிய எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு போகிறது. அது இழுபட்டால் கால் பெருவிரலை மேலே தூக்க முடியாது, பாதத்தின் மேற்புறம் மரத்துவிடும். தினமும் காலையில் பெருவிரலைத் தூக்கிப் பாருங்கள். வலு குறைந்தால் திருகுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு நாட்களில் ஊசி போட்டும் அடங்காத, ஏறிக்கொண்டே போகும் வலி, விரலைத் தொட்டு நிமிர்த்தினாலே உயிர்போகும் வலி வந்தால் அது தசைக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுவது. நடு இரவானாலும் பணி மருத்துவரை எழுப்புங்கள். "காலையில் பார்க்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெண்டைக்கால் வீக்கமும் திடீர் மூச்சுத்திணறலும் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அதற்கும் காத்திருக்கக் கூடாது.

புகை பிடிப்பவர்கள் நிறுத்திவிட்டு வாருங்கள். எலும்பு கூடுவதை அது நேரடியாகத் தாமதப்படுத்துகிறது.

செப்டம்பர் 1

23 வயதுத் தம்பி ஒருவர்: முழங்கால்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி, வலி இல்லை, பெண் பார்க்கப் போவதற்கு முன் நேராக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்.

உங்களைக் கேலி செய்தவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. என்னையும் பேருந்து நிறுத்தத்தில் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது ஆண்களில் பலருக்கும் இருக்கும் இயல்பான அளவு. நின்ற நிலை எக்ஸ்ரே எடுங்கள். கோடு மூட்டின் நடுப்பகுதியில் போனால் அந்தக் காலைத் தொடாதீர்கள். நல்ல எலும்பை வெட்டினால் அதுவும் கூடாமல் போகலாம், கிருமி தொற்றலாம், நரம்பு போகலாம். நான் அந்த ஆபத்துகளை ஏற்றேன், ஏனென்றால் என் முழங்கால் என் கண் முன்னே அழிந்துகொண்டிருந்தது. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

செப்டம்பர் 3

64 வயது அம்மாவின் கால் "கடந்த பத்து வருடத்தில்தான் வளைந்தது" என்று எழுதியவருக்கு: அது வேறு கதை. இளமையில் நேராக இருந்த கால் பிறகு வளைந்தால், பெரும்பாலும் உட்புறக் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும். எலும்பு நேராகத்தான் இருக்கும். அவருக்கு மூட்டு மாற்று அறுவையிலேயே காலும் நேராகிவிடும். எலும்பே வளைந்து, மூட்டும் தேய்ந்தவர்களுக்குத்தான் கடினம். வளைந்த எலும்பின் மேல் செயற்கை மூட்டை நேராகப் பொருத்துவது சிரமம், சிலருக்கு முதலில் எலும்பை நிமிர்த்திவிட்டுப் பிறகு மூட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இழையைத் தொடங்கிய தம்பிக்கு "அறுபதில் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொன்ன டாக்டர் இதை நினைத்துப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 17

தருமபுரியிலிருந்து ஒருவர், தெருவில் பலருக்கும் கால் கோணல், எல்லோருக்கும் இந்த மரபணு நோயா என்கிறார். ஒரே குடும்பத்துக்குள் இருந்தால் மரபு; ஒரே கிணற்றைச் சுற்றி இருந்தால் தண்ணீர். உங்கள் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அது எலும்பைக் கோணலாக்கும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. பல்லைப் பாருங்கள்: பழுப்புப் பட்டை படிந்திருந்தால் ஃபுளோரைடைச் சந்தேகிக்கலாம். எங்கள் வகையில் பல் பார்க்க வெள்ளையாக நன்றாக இருக்கும், உள்ளே சீழ் வைக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மாற்றாமல் காலை மட்டும் வெட்டுவதும், பாஸ்பேட்டைப் பார்க்காமல் வெட்டுவதும் ஒரே தவறு.

அக்டோபர் 8

கேள்வி கேட்ட தம்பியின் முடிவு வந்துவிட்டது. பாஸ்பரஸ் 1.7 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). பெரியவர்களுக்கு 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். கால்சியம் இயல்பு, ஆல்கலைன் பாஸ்படேஸ் அதிகம், சிறுநீரில் பாஸ்பேட் வீணாகிறது. மரபணுப் பரிசோதனை உறுதி செய்ய வேண்டும். ஆனால் அம்மாவின் காலையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் பெரிய ஐயம் இல்லை.

தம்பி, இப்போது முதலில் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், பிறகு முடநீக்கியல். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடிய மருத்துவமனையாகப் பாருங்கள். பாஸ்பேட் மருந்தை நாளுக்குப் பல வேளைகளாகப் பிரித்துத் தருவார்கள், கூடவே வைட்டமின் டியின் செயல்படும் வடிவமான கால்சிட்ரியால். ஒரே வேளையில் மொத்தமாகக் குடித்தால் வயிற்றுப்போக்குத்தான் மிச்சம். அளவு கூடினால் சிறுநீரகத்தில் கால்சியம் படியும், ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையையும் ஸ்கேனையும் தவறவிடாதீர்கள். புரோசுமாப் என்ற ஊசி 2018-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. கூடுதல் ஹார்மோனையே அது தடுக்கிறது. விலை நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது. பழைய மருந்தை வைத்துத்தான் நான் எலும்பைக் கூட்டினேன், முடியும்.

மருந்து தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, ஆல்கலைன் பாஸ்படேஸ் இறங்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள். அறுவைக்குப் பின் நெடுநாள் படுக்கையில் இருக்க நேர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கை போடும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள், வளையத்துக்கும் ராடுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்கச் சொல்லுங்கள்.

அக்டோபர் 9

உங்கள் அக்காவின் மகளுக்கு இரண்டரை வயது, அசைந்து அசைந்து நடக்கிறாள் என்று நேற்றிரவு எழுதியதைப் படித்தேன். அக்காவின் காலும் உங்களுடையதைப் போலத்தான் என்கிறீர்கள். அப்படியானால் குழந்தைக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு. உங்கள் அறுவை சிகிச்சை ஆறு மாதம் காத்திருக்கலாம், அவளுடைய பரிசோதனை இந்த வாரம் நடக்க வேண்டும். என் மகனுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே பார்த்து மருந்து தொடங்கினோம். அவனுக்கு வளையமும் வேண்டாம், ராடும் வேண்டாம்.

ஒன்றில் கவனமாக இருங்கள். ஆய்வகத் தாளில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான அளவைத்தான் அச்சிட்டிருப்பார்கள். சிறு குழந்தைக்குப் பாஸ்பரஸ் பெரியவர்களைவிட அதிகமாக, 4-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். என் சின்ன அக்காவின் பிள்ளைக்கு 2.8 என்று வந்ததை "நார்மல்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அக்கா என்னிடம் காட்டினதால் தப்பித்தது. தாளின் படத்தை இங்கே போடாதீர்கள், பெயரும் எண்ணும் இருக்கும். எண்களை மட்டும் எழுதுங்கள். குழந்தை மருத்துவரிடம் போகும்போது உங்கள் தாளையும் அம்மாவின் எக்ஸ்ரேயையும் சேர்த்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.